ஒழுகும் குளிர்பெட்டி

கூரை ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று கேட்கிறோம். குடம் ஒழுகினால் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்கிறோம். இரண்டிலும் ஒழுகும் பொருள் தண்ணீர்தான் என்பதில் ஐயமில்லை. ஆகையால் அதைப் பற்றி யாரும் வினவுவதில்லை. ஆனால், குளிர்பெட்டி ஒழுகுகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எது ஒழுகுகிறது? தண்ணீரா, குளிரா, அம்மோனியாவா, எரிவாயுவா? நான் இன்று பேசப் போகும் குளிர்பெட்டியிலிருந்து இந்நான்கும் ஒழுகக்கூடியவை. முதலாவது தரையைக் கெடுக்கும். இரண்டாவது உணவைக் கெடுக்கும். மற்ற இரண்டும் உயிருக்கே கேடு விளைக்கும். ஆகவே, நேயர்களே, துடைப்பதற்குத் துணியை எடுக்குமுன் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துதல் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

நம் வீட்டுச் சமையலறையில் நிற்கும் பெட்டியை நான் குறிப்பிடவில்லை. அமெரிக்க மக்கள் ‘ஆர். வி.’ என்று சுருக்கமாக அழைக்கும் உல்லாசப் பயண ஊர்தியில் இருக்கும் பெட்டியைச் சொல்லுகிறேன். திரைப்பட நடிகர்கள் தங்கும் ‘கேரவன்’ வண்டியை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதுபோன்ற வண்டியே இது. படுக்கை, அடுப்பு, குளியலறை, சாப்பாட்டு மேசை எல்லாம் சக்கரங்களின் மேல் ஏறி ஊர் ஊராகச் செல்லும். இதை நான் வீட்டு வண்டி என்று சொல்லிக்கொள்ளுகிறேன். அந்நாட்டில் இது புதிய பொருளன்று. 1910ஆம் ஆண்டிலேயே, பின்னிருக்கை படுக்கையாக மடியும் வகையில் அமைத்த பியர்ஸ்-ஆரோ மோட்டார் வண்டி ஒன்று நியூயார்க் நகரக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இன்று இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்குப் பேர்போனவை.

நம்மவர் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் வாழ்கிறார்கள். பெற்றோர் காண வந்தால், இத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பத்து நாள், பதினைந்து நாள் சுற்றிக் காட்டுவது அவர்களுக்கு மகிழ்ச்சி. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் எங்கள் மகள் குடும்பத்தோடு அவ்வாறு பயணம் செய்தோம். டெக்ஸாஸ் மாநிலத்தின் கடற்கரையில் தொடங்கி, மேற்கே அரிசோனா மாநிலத்து டூசான் நகர் வரையில் சென்றோம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவனுக்கு மலையும் பாலைவனமும் எவ்வளவு இன்பம் தந்தனவோ, அவ்வளவு இன்பத்தை அவ்வண்டியின் குளிர்பெட்டியும் தந்தது என்றால் மிகையாகாது. அது நெருப்பினால் குளிரை உண்டாக்கும் பெட்டி.

இது வேடிக்கைப் பேச்சன்று. வீட்டிலுள்ள பெட்டியில் மின்சாரத்தால் ஓடும் அமுக்கி ஒன்று இருக்கிறது. அதன் உறுமலை நாம் கேட்கிறோம். வீட்டு வண்டியோ காட்டிலும் மேட்டிலும் மின் இணைப்பு இல்லாத இடங்களில் நின்று இராத்தங்கும். அங்கே சமையலுக்குக் கொண்டுசெல்லும் பிரொப்பேன் வாயுவையே எரித்து, சிறு சுடர் ஒன்றினால் குளிர்பெட்டியையும் நடத்துகிறார்கள். மின்சாரம் கிடைக்கும் இடத்தில், அச்சுடருக்குப் பதிலாக மின் கம்பி ஒன்று சூடேறி அதே வேலையைச் செய்யும். எப்படியானாலும் வேண்டியது சூடுதான். சூட்டைக் கொடுத்தால் குளிர் கிடைக்கும்.

இந்த விந்தையின் உள்ளே இருப்பது அம்மோனியா. நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, சளி பிடித்தவர் மூக்கருகே காட்டுவது நம் கிராமத்துக் கைமருந்து. அப்போது சுருக்கென்று ஏறும் நெடியே அம்மோனியா. இவ்வாயுவுக்குத் தண்ணீரிடத்தில் அளவு கடந்த பற்று உண்டு. சாதாரண வெப்பநிலையில் ஒரு படி நீர், ஏறக்குறைய 700 படி அம்மோனியா வாயுவைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்து காட்டும் நீரூற்றுச் சோதனை இதைக் கொண்டதே. அம்மோனியா நிறைந்த குடுவைக்குள் சில துளி நீர் புகுந்தவுடன் வாயு முழுவதும் கரைந்து குடுவை வெறுமையாகிவிடும்; கீழே உள்ள நீர் குழாய் வழியே ஊற்றாகச் சீறிப் பாயும். பின் வரிசைப் பையனும் எழுந்து நின்று பார்க்கும் சோதனை அது.

குளிர்பெட்டியின் முதுகில், வளைந்து நெளிந்த எஃகுக் குழாய்களுக்குள், அம்மோனியா கரைந்த நீர் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அடியில் சுடர் எரிகிறது. கரைசல் சூடேறியதும் அம்மோனியா நீரைப் பிரிந்து ஆவியாய் மேலே செல்லுகிறது. அங்கே வெளிக்காற்றுப் பட்டுக் குளிர்ந்து திரவமாகிறது. அத்திரவம் பெட்டிக்குள் செல்லும் குழாயில் வடிகிறது. அக்குழாயில் ஹைட்ரஜன் வாயு நிரம்பியிருக்கிறது. ஈரத்துணி கொதிக்காமலே உலர்ந்த காற்றில் காய்வது போல, திரவ அம்மோனியா ஹைட்ரஜன் நடுவே விரைந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டியிலுள்ள பாலிடமிருந்தும் காய்கறியிடமிருந்தும் எடுத்துக்கொள்ளுகிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே நியாயத்தினால்தான். பிறகு இரு வாயுக்களும் கீழே இறங்குகின்றன. அங்கே சொட்டிக்கொண்டிருக்கும் நீர் அம்மோனியாவை விழுங்கிவிடுகிறது. நீரில் கரையாத ஹைட்ரஜன் தனித்து மேலே திரும்புகிறது. கரைசல் மறுபடியும் சுடருக்கு வந்து சேருகிறது. இவ்வளவும் நடப்பதற்கு உள்ளே சுழலும் சக்கரமோ, அசையும் தண்டோ கிடையாது, ஓசையும் இல்லை. ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில், பால்ட்ஸார் ஃபான் பிளாட்டென், கார்ல் முன்டெர்ஸ் என்னும் இரு பொறியியல் மாணவர்கள் 1922ஆம் ஆண்டு கண்டுபிடித்த அமைப்பு இது.

அசையும் உறுப்பு இல்லாமை ஒரு சௌகரியம் மட்டுமன்று. அது ஒரு பாதுகாப்பு. அக்காலத்து வீட்டுக் குளிர்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெதில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்களே பயன்பட்டன. அமுக்கியின் தண்டு சுழலும் இடத்தில் உள்ள அடைப்புத் தேய்ந்தால் அவை வெளியேறும். பெர்லின் நகரில் ஒரு குடும்பம் அவ்வாறு கசிந்த வாயுவால் இரவில் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்து மனம் நொந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவரும் லியோ ஸிலார்டு என்னும் இளம் விஞ்ஞானியும் சேர்ந்து, அசையும் உறுப்பற்ற குளிர்பெட்டி ஒன்றை வகுத்து, 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். சார்பியல் கொள்கையைத் தந்த பேரறிஞர், ஒழுகும் குளிர்பெட்டியைப் பற்றிச் சிந்திப்பது தம் தகுதிக்குக் குறைவு என்று எண்ணவில்லை. நாமும் அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை.

இனி, ஒழுகும் நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தண்ணீர். காலையில் எழுந்து கால் வைத்தால் குளிர்பெட்டியின் முன்னே தரை நனைந்திருக்கும். கால்வெஸ்டன் என்னும் கடற்கரைத் தீவில் நாங்கள் தங்கிய இரண்டாம் நாளே எங்கள் வண்டியில் இது நேர்ந்தது. பெட்டி பழுதாகிவிட்டது, வேறு வண்டி கேட்போம் என்று மருமகன் தொலைபேசியை எடுத்தார். நான் முதலில் அந்நீரை ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்து முகர்ந்து பார்த்தேன். நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது பெட்டி கக்கிய நீரன்று; கடற்காற்று கொண்டுவந்து கொடுத்த நீர். பேரப்பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒரு முறை கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக் காற்று உள்ளே புகுகிறது. உள்ளே இருக்கும் அலுமினியத் தகடுகளின் மேல் அந்த ஈரம் பனியாகப் படிகிறது. பின்பு உருகிச் சொட்டுகிறது. சொட்டும் நீரை ஏந்துவதற்குத் தகடுகளின் கீழே ஒரு சிறு தட்டு உண்டு. தட்டிலிருந்து விரல் பருமன்கூட இல்லாத வடிகுழாய் ஒன்று வண்டியின் வெளிப்புறத்துக்குச் செல்லுகிறது. உணவுத் துணுக்கோ பாசியோ அக்குழாயை அடைத்துக்கொண்டால், அல்லது குழாய் தட்டிலிருந்து கழன்றுவிட்டால், நீர் வழிந்து தரைக்கு வருகிறது. வண்டி ஒருபுறம் சாய்ந்து நின்றாலும் தட்டின் விளிம்பைத் தாண்டி நீர் வழியும்.

வைத்தியம் எளிது. பெட்டியை அணைத்துவிட்டுப் பனியைத் தானே உருக விடவேண்டும். கத்தி, கரண்டி முதலியவற்றால் சுரண்டுதல் ஆகாது. குழந்தைக்கு மருந்து ஊட்டும் ஊசியில்லாத சிரிஞ்சில், ஆப்பச் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரை எடுத்து வடிகுழாய்க்குள் மெதுவாகச் செலுத்த வேண்டும். கம்பியை நுழைத்தால் குழாய் கிழியும். வண்டியின் வெளிப்புறத்தில் குழாயின் முனையைத் தேடி, அங்கே நீர் வருகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. நாங்கள் அம்முனையின் கீழ் ஒரு தம்ளரை வைத்தோம். கால்வெஸ்டனில் அது மாலைக்குள் நிறைந்தது. எல் பாஸோ நகரைக் கடந்து வறண்ட நிலத்தில் புகுந்த பின்னர் அடி கூட நனையவில்லை. பெட்டி அதே பெட்டி, காற்றுத்தான் வேறு. புவியியல் பாடத்தையும் பௌதிகப் பாடத்தையும் ஒரே தம்ளரில் பேரனுக்குக் காட்ட முடிந்தது.

இது தண்ணீர்தானே என்று விட்டுவிடவும் கூடாது. வீட்டு வண்டியின் தரை பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆனது. நாள்தோறும் ஒரு தம்ளர் நீர் அதற்குள் இறங்கினால், மேலே விரிப்பு அழகாக இருக்கும்போதே கீழே பலகை உளுத்துப் போகும்.

இரண்டாவது, குளிர் ஒழுகுதல். தரை உலர்ந்திருக்கும், பெட்டி ஓடும், ஆனால் பால் திரியும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தால் குளிர்ந்த காற்று வெளியே கசிகிறது. ஒரு காகிதத் துண்டைக் கதவின் இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பில்லாமல் வந்தால் அவ்விடத்தில் விளிம்பு பற்றவில்லை என்று அறியலாம். வெந்நீரும் சோப்பும் கொண்டு துடைத்தாலே பல விளிம்புகள் சரியாகும். வெடித்துவிட்டதை மாற்றத்தான் வேண்டும். வண்டியின் வெளிச்சுவரில் கீழே ஒரு காற்றுப்பலகணியும், கூரையில் ஒரு புகைபோக்கியும் உண்டு. குளவியோ பறவையோ அங்கே கூடு கட்டினால் குழாய்களின் வெப்பம் வெளியேறாது. வெப்பம் வெளியேறாவிடில் குளிரும் உண்டாகாது.

இவற்றைவிட முக்கியமான காரணம் வண்டியின் சாய்வு. உள்ளே நீரை நகர்த்துவதற்கு எந்திரம் இல்லை, புவியீர்ப்பே நகர்த்துகிறது என்று சொன்னேன் அல்லவா? வண்டியைச் சாய்வாக நிறுத்திப் பெட்டியை ஓடவிட்டால், திரவம் ஒரு மூலையில் தேங்கிவிடும். சுடருக்கு மேலே உள்ள குழாய் வறண்டு அளவு மீறிச் சூடேறும். பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பது இப்பெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டம் ஒன்றைப் பெட்டிக்குள் தரையில் வைத்துப் பார்த்தால் போதும். ஓடும் வண்டியில் திரவம் அலைந்துகொண்டே இருப்பதால் கேடில்லை. நிறுத்திய வண்டியில்தான் கேடு.

குளிர் ஒழுகினால் கெடுவது பால் மட்டுமன்று. என் வயதினர் பலருக்கு இன்சுலின் மருந்து வேண்டும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை சென்டிகிரேட் வரையில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. ஆகையால் அதைத் தகடுகளின் மேல் சாய்த்து வைக்காமல் நடுத்தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு சிறு வெப்பமானியையும் வைத்தல் நலம். உணவைப் பொறுத்தவரையில் 4 பாகை சென்டிகிரேட்டே மேல் எல்லை. குளிர் நின்றுபோன பெட்டியைத் திறக்காமல் வைத்தால் உணவு 4 மணி நேரம் வரையில் தாங்கும் என்பது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையார் கூறும் அளவு.

மூன்றாவதே நாம் அஞ்ச வேண்டியது. எஃகுக் குழாய் சுடரின் சூட்டால் தினமும் விரிந்து சுருங்குகிறது. சாலையின் குலுக்கலையும் தாங்குகிறது. துருப்பிடிக்காமல் இருக்க, கரைசலில் சோடியம் குரோமேட் என்னும் மஞ்சள் நிற உப்பைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் சில காலத்தில் நுண்ணிய வெடிப்பு உண்டாகலாம். உண்டானால் உள்ளே மிகுந்த அழுத்தத்தில் இருக்கும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் வெளியே வரும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. அருகிலேயே சுடர் எரிகிறது. 2006ஆம் ஆண்டு டொமெட்டிக் என்னும் நிறுவனம், கொதிகுழாயில் இத்தகைய வெடிப்பு ஏற்பட்டுத் தீ விளையக்கூடும் என்பதால், அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குளிர்பெட்டிகளைச் சீர்செய்வதற்குத் திரும்ப அழைத்தது.

அடையாளங்கள் மூன்று. குளிர்ச்சி திடீரென்று நிற்கும். நவச்சார நெடி எழும். வெளிப்புறப் பலகணியைத் திறந்து பார்த்தால் குழாயின் மேலோ அடியிலோ மஞ்சள் கறை படிந்திருக்கும். டெக்ஸாஸின் மேற்கே ஃபோர்ட் ஸ்டாக்டன் அருகில் ஒரு முகாமில் இம்மூன்றையும் நான் ஒருங்கே கண்டேன். எங்களுக்கு அடுத்த வண்டியில் முதிய தம்பதியர் இருவர் தங்கியிருந்தனர். இரண்டு நாளாகப் பெட்டி குளிரவில்லை, ஏதோ ஒழுகுகிறது என்று அவர் சொன்னார். நண்பகல் முதல் மனைவிக்குக் கண் எரிகிறது, பாலைவனத்துப் புழுதிதான் காரணம், அவள் சன்னல்களை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றும் சொன்னார். பலகணியின் அருகே சென்றபோதே எனக்கு வகுப்பறை நினைவு வந்தது. முதலில் அந்த அம்மையாரை வெளியே அழைத்து வரச் சொன்னேன். பிறகே பலகணியைத் திறந்தோம். உள்ளே மஞ்சள் பொடி பூத்துக் கிடந்தது.

அம்மோனியாவின் நெடியை மனித மூக்கு மிகச் சிறு அளவிலேயே கண்டுகொள்ளும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு இருந்தாலே பெரும்பாலோர் முகம் சுளிப்பர். 300 பங்கு இருந்தால் அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் நலத்துறை வகுத்திருக்கிறது. ஆனால் மூக்குக்கு ஒரு குறை உண்டு. ஒரே நெடியில் நெடுநேரம் இருந்தால் அது பழகிப்போய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடும். அந்த அம்மையாருக்குப் புழுதியாகத் தோன்றியதும் இதனால்தான். எனவே வெளியிலிருந்து உள்ளே நுழையும் முதல் மூச்சை நம்ப வேண்டும்.

ஐயம் சிறிதாக இருந்து, வெளிப்புறத்தில் நின்று சோதிக்க விரும்பினால், நம் அடுப்படியிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஆலத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதல்லவா? காரப் பொருள் எதைக் கண்டாலும் மஞ்சள் சிவக்கும். அம்மோனியாவும் காரப் பொருளே. மஞ்சள் பூசிய காகிதத்தை ஈரமாக்கிப் பலகணியருகே பிடித்தால், கசிவிருக்குமிடத்தில் அது செம்பழுப்பாக மாறும். நெடி பலமாக இருக்கும்போது இச்சோதனைக்காக ஒரு விநாடியும் நிற்கலாகாது.

அப்போது செய்ய வேண்டியது இது. எல்லோரும் வெளியேற வேண்டும். குழந்தைகளும் படுத்திருப்போரும் முதலில். போகும் வழியில் கதவைத் திறந்தே விடலாம். விளக்கு, அடுப்பு எதையும் ஏற்றக்கூடாது. வெளியே வந்தபின் எரிவாயு உருளையின் வால்வை மூடவேண்டும். கண் எரிந்தால் தூய நீரால் 15 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். மூச்சுத் திணறினால் அந்நாட்டில் 911 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அன்றிரவு அவ்வண்டியில் உறங்கக்கூடாது. மஞ்சள் பொடியை வெறுங்கையால் தொடக்கூடாது, குரோமேட் நச்சுப்பொருள். ஈயம் உருக்கி அடைக்கலாம், பசை தடவலாம் என்று யாராவது சொன்னால் கேட்கக்கூடாது. தொழிற்சாலையில் அழுத்தத்தோடு அடைக்கப்பட்ட அக்குழாய்த் தொகுதியைப் பயிற்சி பெற்றவர் முழுவதுமாகக் கழற்றி வேறொன்றை வைப்பதே முறை. அத்தம்பதியர் அன்றிரவு முகாமைச் சேர்ந்த அறையில் தங்கினர். மறுநாள் ஒரு தொழிலாளி வந்து குழாய்த் தொகுதியை எடுத்துச் சென்றார். ஊர் போய்ச் சேரும் வரையில் காலியான பெட்டிக்குள் பனிக்கட்டியை வைத்துப் பாலைக் காத்தனர்.

நான்காவது, எரிவாயு. பிரொப்பேனுக்குத் தன் மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றமுடைய எதில் மெர்காப்டனைச் சிறிது கலக்கிறார்கள். நவச்சார நெடியையும் இந்நாற்றத்தையும் வேறுபடுத்தி அறிதல் மிக முக்கியம். அம்மோனியா காற்றைவிட இலேசானது, மேலே செல்லும். பிரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. தரையில் நீர் தேங்குவது போலத் தேங்கும். அதனால்தான் வீட்டு வண்டிகளில் எரிவாயுவை உணர்த்தும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள். அது காலணி படும் இடத்தில் இருப்பதைப் பார்த்து, யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று எண்ணி அதன்மேல் பையை வைத்துவிடக் கூடாது. இந்நாற்றம் வந்தால் மின்சார விசை எதையும் போடாமலும் அணைக்காமலும் வெளியேறி, உருளையை மூடவேண்டும். குழாய் இணைப்பில் கசிவைத் தேடுவதற்குச் சோப்பு நுரையே போதும். தீக்குச்சி கூடவே கூடாது. பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே குளிர்பெட்டியின் சுடரை அணைத்துவிட வேண்டும்.

சுடரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். நீலமாக எரிவது நல்ல சுடர். மஞ்சளாக எரிந்து கரி படிந்தால் வாயு முழுமையாக எரியவில்லை என்பது பொருள். அதனால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இங்கே மூக்குக்கு வேலை கிடையாது. எச்சரிக்கை மணி ஒன்றே துணை.

அண்மைக் காலத்தில் பல வீட்டு வண்டிகளில் சுடர் இல்லாத, 12 வோல்ட் மின்கலத்தால் ஓடும் அமுக்கிப் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றில் அம்மோனியா இல்லை. தண்ணீரும் குளிரும் ஒழுகும் விதம் இவற்றுக்கும் பொது. குளிர்வாயு கசிந்தால் நெடி எழாது. அமுக்கி ஓய்வின்றி ஓடும், பெட்டி மட்டும் குளிராது. சிலவற்றில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. ஆகவே அவற்றிலும் பனியைக் கத்தியால் சுரண்டி ஓட்டை போடுவது பெருந்தீங்கு.

மாணவன் ஒருவன் விடையை எழுதிவிட்டுக் கேள்வியைப் படித்தால் என்ன ஆகும் என்பதை நான் ஆயிரம் விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன். ஒழுகும் பெட்டியின் முன்னும் அப்படித்தான். துடைப்பதும், அடைப்பதும், புதுப்பெட்டி வாங்குவதும் விடைகள். நிறமற்று மணமற்று இருந்தால் நீர், துடைக்கலாம், அவசரமில்லை. தரை உலர்ந்து உணவு கெட்டால் குளிர். விளிம்பையும் ரசமட்டத்தையும் பார்க்கலாம். நெடி எதுவாயினும் முதலில் வெளியேற வேண்டும். ஆராய்ச்சியைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு இத்தகைய வண்டியில் புறப்படும் பெற்றோர்கள், வண்டியை வாங்கும் இடத்திலேயே மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எரிவாயு உருளையின் வால்வு எங்கே இருக்கிறது, அதை எப்பக்கம் திருகினால் மூடும் என்பது ஒன்று. எச்சரிக்கைக் கருவிகள் எங்கே இருக்கின்றன, அவற்றின் மேல் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்பது இரண்டு. குளிர்பெட்டி எவ்வகையைச் சேர்ந்தது, சுடரால் ஓடுவதா அமுக்கியால் ஓடுவதா என்பது மூன்று. வாடகைக்குக் கொடுப்பவர் இதையெல்லாம் சொல்வதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். முதல் இரவு படுப்பதற்கு முன், அந்த வால்வை ஒரு முறை உங்கள் கையாலேயே மூடித் திறந்து பாருங்கள்.